நலனுடையோரும் நிறுவன நிலைபேறும்: தூத்துக்குடி, இலண்டன், எட்மண்டன் – ஒரு வரலாற்று ஒப்பாய்வு

முன்னுரை

ஒரு தொழில் நிறுவனம் தன் ஆதாயத்தைத் தேடும்போதே, தான் இயங்கும் ஊரின் நலத்தையும் அங்குள்ள நிலம், நீர், காற்று ஆகியவற்றின் நலத்தையும் காக்கும் கடப்பாடு உடையது என்னும் கருத்து இன்று உலகெங்கும் சட்டத்திலும் வணிக வழக்கிலும் இடம்பெற்றுள்ளது. பிரித்தானியாவின் 2006-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம், 172-ஆம் பிரிவில், இயக்குநர்கள் முடிவெடுக்கும்போது பணியாளர், சமூகம், சுற்றுச்சூழல் ஆகியவற்றையும் கருத்திற்கொள்ள வேண்டும் என்கிறது. இந்தியாவின் 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம், 135-ஆம் பிரிவில், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. ஆண்டறிக்கையோடு நிலைபேற்று அறிக்கையும் வெளியிடுவது பெருநிறுவனங்களின் வழக்கமாகியுள்ளது.

எனினும், ஒரே ஆலையை அதன் முதலீட்டாளரும் தொழிலாளரும் அருகில் வாழ்வோரும் அரசும் நீதிமன்றமும் ஒரே கண்ணால் காண்பதில்லை. ஒருவருக்கு அது ஊதியம், ஒருவருக்கு ஈவுத்தொகை, மற்றொருவருக்கு மூச்சுத்திணறல். இப்பார்வைகளுள் எது எப்போது செவிமடுக்கப்பட்டது, எது எவ்வாறு புறந்தள்ளப்பட்டது என்பதே நிறுவன நிலைபேற்றின் உண்மையான வரலாறாகும். அவ்வரலாற்றைத் தூத்துக்குடித் தாமிர உருக்காலை, அதன் தாய் நிறுவனம் பட்டியலிடப்பட்டிருந்த இலண்டன் பங்குச் சந்தை, வட இலண்டனின் எட்மண்டன் குப்பை எரியுலை ஆகிய மூன்று களங்களின்வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். முதலிரண்டும் ஒரே நிறுவனத்தின் இரு முனைகள். மூன்றாவது, ஈழத்தமிழர் உள்ளிட்ட புலம்பெயர் மக்கள் பெருமளவில் வாழும் பகுதியில் பொதுத்துறை அமைப்பொன்று நடத்தும் ஆலை. ஒப்புநோக்குக்காக இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

சொல்லும் பொருளும்

ஆய்வுக்குள் புகுமுன் கலைச்சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது தேவையாகிறது. 'ஸ்டேக்ஹோல்டர்' என்னும் ஆங்கிலச் சொல், 1984-இல் எட்வர்டு ஃப்ரீமன் எழுதிய மேலாண்மை நூலுக்குப் பின் பரவலான வழக்குக்கு வந்தது. ஒரு நிறுவனத்தின் செயலால் பாதிக்கப்படுவோர், அச்செயலைப் பாதிக்கக்கூடியோர் ஆகிய அனைவரையும் அது குறிக்கிறது. பங்குப் பத்திரம் வைத்திருப்போரை மட்டும் குறிக்கும் 'ஷேர்ஹோல்டர்' என்பதற்கு மாற்றாகவே அச்சொல் முன்வைக்கப்பட்டது.

தமிழில் இவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. தமிழ்நாட்டு அரசு ஆவணங்களிலும் நாளிதழ்களிலும் இரு சொற்களுக்கும் 'பங்குதாரர்' என்பதே பல வேளைகளில் நிகராக நிற்கிறது. கூட்டு வணிகத்தில் கூட்டாளியைக் குறிப்பதும் அதுவே. இலங்கை வழக்கில் 'அக்கறையுடைய தரப்பினர்' என்னும் தொடர் காணப்படுகிறது. பத்திரம் வைத்திருப்பவரும் புகையைச் சுவாசிப்பவரும் ஒரே சொல்லால் சுட்டப்படும்போது, இருவருக்கும் சம உரிமை இருப்பதான தோற்றம் உண்டாகிறது. நடைமுறையில் முன்னவருக்கு வாக்குரிமை உண்டு. பின்னவருக்கு அது இல்லை. ஆகவே இக்கட்டுரை முன்னவரைப் 'பங்குடையோர்' என்றும், அகன்ற பொருளில் வருவோரை 'நலனுடையோர்' என்றும் வழங்குகிறது.

'சஸ்டெய்னபிலிட்டி' என்பதற்குத் தமிழ்நாட்டில் நீடித்த வளர்ச்சி, வளங்குன்றா வளர்ச்சி முதலிய தொடர்களும், இலங்கையில் 'நிலைபேறான அபிவிருத்தி' என்பதும் வழங்குகின்றன. வளர்ச்சியை முதன்மைப்படுத்தாத பொதுச்சொல் என்பதால் 'நிலைபேறு' இங்கு ஏற்கப்படுகிறது.

தூத்துக்குடியின் முன்வரலாறு

தூத்துக்குடிக்கும் நிறுவனங்களுக்கும் இடையிலான உறவு உருக்காலையோடு தொடங்கியதன்று. முத்துக்குளிப்பும் மீன்பிடியும் உப்பளமும் வாழ்வாதாரமாக அமைந்த இந்நெய்தல் நகரம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, நிறுவனம் யாருக்குரியது என்னும் வினாவை எழுப்பிய களமாகும். வ. உ. சிதம்பரனார் 1906-இல் பதிவுசெய்த சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி, ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாக 10 லட்சம் ரூபாய் மூலதனம் திரட்டத் திட்டமிட்டது. அதில் பங்கு வாங்கியோர் பலர் ஈவுத்தொகையை மட்டும் எதிர்பார்த்தவர் அல்லர். கடல்வழி வணிகத்தில் அந்நியர் கொண்டிருந்த ஏகபோகத்தைத் தகர்ப்பதையே தம் நலனாகக் கருதினர். பங்குடையோரும் நலனுடையோரும் ஒன்றாகும் முயற்சியாக அதனைக் காணலாம்.

1908 பிப்ரவரி இறுதியில், ஹார்வி குழுமத்தின் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் ஊதிய உயர்வு, வேலைநேரக் குறைப்பு, வார விடுமுறை ஆகியவற்றைக் கோரி வேலைநிறுத்தம் செய்து வெற்றி பெற்றனர். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அதற்குத் துணைநின்றனர். அடுத்த மாதமே இருவரும் கைதாயினர். 1908 மார்ச் 13 அன்று திருநெல்வேலியில் மூண்ட எழுச்சியின்போது துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். ஆலையின் சமூகப் பொறுப்பு என்று பின்னாளில் பெயர்பெற்ற கோரிக்கை, இம்மண்டலத்தில் தொழிலாளர் உரிமையாகவும் அரசுரிமைச் சிக்கலாகவும் முதலில் தோன்றியது என்பதும், அதற்கு அரசு துப்பாக்கியால் விடையிறுத்தது என்பதும் நூற்றுப்பத்தாண்டுகளுக்குப் பின் நிகழ்ந்தவற்றை நோக்கும்போது கருதத்தக்கவை.

உருக்காலையின் வருகை

ஸ்டெர்லைட் நிறுவனத்தின் தாமிர உருக்காலை முதலில் மகாராட்டிர மாநிலம் இரத்தினகிரியில் அமையவிருந்தது. அங்கு மாம்பழ உழவர்களும் மீனவர்களும் எதிர்த்ததனால் 1993-இல் மாவட்ட நிர்வாகம் கட்டுமானத்தை நிறுத்தச் சொன்னது. அடுத்த ஆண்டே தமிழ்நாடு அத்திட்டத்தை வரவேற்றது. 1994 ஆகஸ்டில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தடையின்மைச் சான்று வழங்கியது. 1995 ஜனவரியில் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் அனுமதி கிடைத்தது. 1997 தொடக்கத்தில் உற்பத்தி தொடங்கியது.

அரசின் பார்வையில் இது தென் மாவட்டங்களுக்கு முதலீட்டையும் வேலைவாய்ப்பையும் கொணரும் திட்டம். துறைமுகத்துக்குத் தாமிரச் செறிவு இறக்குமதியால் சரக்கு மிகும். உருக்கும்போது வெளியாகும் கந்தக டை ஆக்சைடு வாயுவிலிருந்து பெறப்படும் கந்தக அமிலம் உரத் தொழிலுக்குப் பயன்படும். மீனவர் பார்வை வேறாக இருந்தது. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைத் தீவுகளுக்கு அண்மையில் இத்தகைய ஆலை அமைவது தம் கடலைக் கெடுக்கும் என அஞ்சிய அவர்கள், 1996-இல் தாமிரச் செறிவு ஏற்றிவந்த கப்பலைப் படகுகளால் மறித்தனர். அதாவது, ஆலையிலிருந்து ஒரு துளிப் புகையும் வெளிவருமுன்பே எதிர்ப்பு உருப்பெற்றுவிட்டது.

இங்கே கருதவேண்டிய சட்டக்கூறு ஒன்றுண்டு. இந்தியாவில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 1994-இல் வெளிவந்தது. எனினும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயமானது 1997 ஏப்ரலில் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின்னரே. உருக்காலைக்கு அனுமதி வழங்கப்பட்டது அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பு. ஆகவே, ஊராரை அழைத்து அவர்தம் கருத்தைக் கேட்காமல் ஆலை நிறுவப்பட்டது அன்றைய சட்டப்படி குற்றமாகவில்லை. ஆனால் ஊராரின் நினைவில் அது தீராக்குறையாக நிலைத்தது. சட்டத்துக்கு உட்பட்டது எது, முறையானது எது என்பதில் நிறுவனத்துக்கும் மக்களுக்கும் இடையே ஏற்பட்ட முதற்பிளவு இதுவேயாகும்.

பிளவை அடுத்தடுத்த நிகழ்வுகள் ஆழப்படுத்தின. 1997 ஜூலையில், அருகிலிருந்த உலர்மலர் நிறுவனமொன்றில் பணியாற்றிய பெண்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் மயக்கமுற்றனர். 1998-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணையால் ஆலை சிறிது காலம் மூடப்பட்டுத் திறந்தது. நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் வெவ்வேறு ஆண்டுகளில் அளித்த அறிக்கைகளை இரு தரப்பினரும் தத்தமக்கு ஏற்பச் சுட்டினர். அளவீடுகள் நிறுவனத்தின் கையிலும் வாரியத்தின் கோப்பிலும் இருந்தன. இருமலும் கண்ணெரிச்சலும் கிணற்றுநீரின் சுவை மாற்றமும் ஊராரிடம் இருந்தன. முன்னவை சான்று எனப்பட்டன. பின்னவை புகார் எனப்பட்டன.

நீதிமன்றங்களின் மாறும் நோக்கு

1996 முதல் நிலுவையிலிருந்த வழக்குகளில், 2010 செப்டம்பர் 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் ஆலையை மூட ஆணையிட்டது. அடுத்த சில நாள்களிலேயே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2013 ஏப்ரல் 2 அன்று இறுதித் தீர்ப்பில் மூடல் ஆணை நீக்கப்பட்டது. ஆயினும், பல்லாண்டுகள் மாசு ஏற்படுத்தியமைக்கும் உரிய இசைவாணை புதுப்பிக்கப்படாமல் இயங்கியமைக்கும் 100 கோடி ரூபாய் இழப்பீடு விதிக்கப்பட்டது. நிறுவனத்தின் ஆண்டு வருவாயோடு ஒப்பிட்டு, இதனினும் குறைந்த தொகை அச்சுறுத்தும் ஆற்றலற்றதாகும் என நீதிமன்றம் கருதியது. வேலைவாய்ப்பு, நாட்டின் தாமிரத் தேவை ஆகியவை ஒரு தட்டிலும் மாசு மறு தட்டிலும் வைக்கப்பட்டன. பணம் துலாக்கோலைச் சமன்செய்யும் படிக்கல் ஆயிற்று.

தீர்ப்புக்குச் சில நாள்களுக்கு முன், 2013 மார்ச் 23 அன்று காலை, நகர மக்கள் வாயுக்கசிவால் துன்புற்றதாக முறையிட்டனர். வாரியம் ஆலையை மூடியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மே இறுதியில் திறக்க அனுமதித்தது. மூடலும் திறப்பும் மாறிமாறி நிகழ்ந்த இவ்வரலாறு, முறையீட்டு வழிகள் எதுவும் தமக்குப் பயன்தரவில்லை என்னும் எண்ணத்தை மக்களிடையே வேரூன்றச் செய்தது.

ஆண்டுக்கு 4 லட்சம் டன் உற்பத்தித் திறன் கொண்டிருந்த ஆலையை இருமடங்காக விரிவாக்கும் பணி தொடங்கியபோது, 2018 பிப்ரவரியில் குமாரரெட்டியபுரம் மக்கள் தொடர் போராட்டத்தில் இறங்கினர். ஏப்ரலில், இசைவாணையைப் புதுப்பிக்க வாரியம் மறுத்தது. நிலத்தடிநீர் ஆய்வறிக்கைகளை அளிக்காமை, உப்பாற்றை ஒட்டிக் கொட்டப்பட்ட தாமிரக் கசடை அகற்றாமை உள்ளிட்ட காரணங்கள் கூறப்பட்டன. போராட்டத்தின் நூறாம் நாளான மே 22 அன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கி மக்கள் சென்றனர். அன்றும் மறுநாளும் நிகழ்ந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர்.

மே 23 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விரிவாக்கப் பணிக்குத் தடை விதித்து, பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடத்திய பின்னரே அனுமதி குறித்து முடிவெடுக்க வேண்டும் எனப் பணித்தது. ஊராரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்னும் ஆணை துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள் வந்தது. மே 28 அன்று தமிழ்நாடு அரசு ஆலையை நிரந்தரமாக மூட ஆணையிட்டது. துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. தூண்டுதலின்றிச் சூடு நடத்தப்பட்டது என்பது அதன் முடிவுகளுள் ஒன்று.

மூடலுக்குப் பிந்தைய வழக்கு வரலாறு நீதிமன்ற நோக்கின் மாற்றத்தைக் காட்டுகிறது. 2018 டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் அரசாணையை நீக்கியது. தீர்ப்பாயத்துக்கு அவ்வதிகாரம் இல்லையென 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதனை நீக்கி, உயர்நீதிமன்றத்தை அணுகச் சொன்னது. 2020 ஆகஸ்ட் 18 அன்று உயர்நீதிமன்றம் 815 பக்கத் தீர்ப்பில், பொருளாதாரமும் சுற்றுச்சூழலும் மோதும்போது சுற்றுச்சூழலே மேலோங்கும் என்னும் நிலைப்பாட்டை எடுத்து, நிறுவனத்தின் மனுக்களைத் தள்ளியது. 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஆலையின் நாட்டளவிலான முக்கியத்துவத்தையும் வேலைவாய்ப்பையும் ஏற்றுக்கொண்டே, மீண்டும் மீண்டும் நிகழ்ந்த மீறல்களையும் அப்பகுதி மக்களின் உடல்நலத்தையும் நீதிமன்றம் முதன்மையாகக் கருதியது. 2013-இல் விலை கொடுத்துத் தீர்க்கத்தக்கதாக மதிக்கப்பட்ட தீங்கு, 2024-இல் விலைக்கு அப்பாற்பட்டதாக மதிக்கப்பட்டது.

ஆலையை ஆதரித்தோரின் பார்வையையும் வரலாறு பதிவுசெய்ய வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர், சரக்குந்து உரிமையாளர், துணைத்தொழில் நடத்துவோர் ஆகியோர் மூடலால் வாழ்வாதாரம் இழந்தனர். ஆலையைத் திறக்குமாறு மனுக்களும் அளித்தனர். தூய தாமிரத்தை நிகர ஏற்றுமதி செய்துவந்த இந்தியா, 2018–19-இல் நிகர இறக்குமதி நாடாயிற்று. 2021 ஏப்ரலில், கொரோனாப் பெருந்தொற்றின்போது, ஆலை வளாகத்திலுள்ள ஆக்சிஜன் பிரிவை மட்டும் இயக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. மூச்சை அடைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட வளாகத்திலிருந்தே உயிர்வளி பெறவேண்டிய நிலை, நலனுடையோரை ஆதரவாளர், எதிர்ப்பாளர் என இரு அணிகளாக மட்டும் பகுப்பதன் போதாமையைக் காட்டுகிறது. ஒரே குடும்பத்தில் ஒருவர் ஆலை ஊழியராகவும் மற்றொருவர் போராட்டக்காரராகவும் இருக்க இயலும்.

இலண்டன்: பங்கும் அறமும் அறிக்கையும்

ஸ்டெர்லைட்டின் தாய் நிறுவனமான வேதாந்தா ரிசோர்சஸ் 2003 டிசம்பரில் இலண்டன் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அதன்பின் தூத்துக்குடியின் காற்று இலண்டன் முதலீட்டாளரின் கணக்கிலும் இடம்பெற்றது. அவர்களுள் அறநெறி சார்ந்த முதலீட்டுக் கொள்கை உடையோர் முதலில் விலகினர். நார்வே அரசின் ஓய்வூதிய நிதியம், தன் அறநெறிக் குழுவின் பரிந்துரைப்படி, 2007-இல் வேதாந்தாவை முதலீட்டுப் பட்டியலிலிருந்து நீக்கியது. அக்குழு ஆராய்ந்த நான்கு துணை நிறுவனங்களுள் தூத்துக்குடி உருக்காலையும் மேட்டூர் மால்கோ அலுமினிய நிறுவனமும் அடங்கும். கடுமையான சுற்றுச்சூழல் சேதத்துக்கும் மனித உரிமை மீறலுக்கும் நிதியம் உடந்தையாகும் இடர் ஏற்கத்தக்கதன்று என்பது குழுவின் முடிவு. 2010 பிப்ரவரியில், ஒடிசாவின் நியமகிரிச் சிக்கலை முன்னிட்டு, இங்கிலாந்துத் திருச்சபையும் ஜோசப் ரௌன்ட்ரீ அறக்கட்டளையும் தம் பங்குகளை விற்றன.

பங்குடையோரின் பார்வையிலும் இருவகை இருந்தமை இதனால் புலப்படும். ஒரு சாரார் நிலைபேற்றை இடர் மேலாண்மையாகக் கண்டனர்: போராட்டம் உற்பத்தியை நிறுத்தும், உற்பத்தி நின்றால் ஈவுத்தொகை குறையும். மற்றொரு சாரார் அதனைத் தம் கைக்கறையாகக் கண்டனர். மூன்றாம் வகையினரும் உருவாயினர்: ஒரேயொரு பங்கு வாங்கி அதன் பலத்தில் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குள் நுழைந்து வினா எழுப்பிய செயற்பாட்டாளர்கள். நலனுடையோரின் குரலை ஒலிக்கப் பங்குடையோர் என்னும் தகுதியை விலைக்கு வாங்க வேண்டியிருந்தது என்பதே நிறுவனச் சட்டத்தின் இயல்பைக் காட்டும் செய்தியாகும்.

2018-இன் முதற்பாதியில் இலண்டன்வாழ் தமிழர்கள், தமிழ்நாட்டினரும் ஈழத்தவருமாக, நிறுவனத் தலைவரின் இலண்டன் இல்லத்தின் முன்னும் பிற இடங்களிலும் கூடிப் போராடினர். துப்பாக்கிச் சூட்டுக்குப் பின், தொழிற்கட்சியின் நிழல் நிதியமைச்சர் ஜான் மெக்டானல், வேதாந்தாவைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டுமெனக் கோரினார். 2018 அக்டோபர் 1 அன்று அந்நிறுவனம் இலண்டன் சந்தையிலிருந்து வெளியேறியது. பெரும்பங்கு உரிமையாளரான வோல்கன் நிறுவனம் எஞ்சிய பங்குகளை ஒன்று 825 பென்ஸ் வீதம் வாங்கியதன் விளைவு அது. இவ்வெளியேற்றம் போராட்டக்காரருக்கு வெற்றியாகத் தோன்றலாம். ஆனால் பட்டியலிடப்பட்ட நிறுவனத்துக்குரிய வெளிப்படைத்தன்மை விதிகளும், வினா எழுப்பும் மேடையாக இருந்த பொதுக்கூட்டமும் அதனோடு மறைந்தன.

நிலைபேற்று அறிக்கைகளின் வரலாற்றில் அடுத்த ஆண்டு ஒரு திருப்பம். ஜாம்பியாவின் சிங்கோலா பகுதி மக்கள் 1,826 பேர், தாமிரச் சுரங்கக் கழிவால் தம் நீர்நிலைகள் கெட்டன என்று இலண்டனில் வேதாந்தாமீதும் அதன் துணை நிறுவனமான கொன்கோலா தாமிரச் சுரங்க நிறுவனத்தின்மீதும் வழக்குத் தொடுத்தனர். வழக்கை இங்கிலாந்து நீதிமன்றங்கள் விசாரிக்கலாம் என 2019 ஏப்ரல் 10 அன்று பிரித்தானிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. துணை நிறுவனங்களின் சுற்றுச்சூழல் தரத்தைத் தானே மேற்பார்வையிடுவதாக வேதாந்தா தன் நிலைபேற்று வெளியீடுகளில் கூறியிருந்தமை, தாய் நிறுவனத்துக்குப் பொறுப்புண்டு என வாதிட இடமளிப்பதாக நீதிமன்றம் கருதியது. முதலீட்டாளரின் நம்பிக்கையைப் பெற எழுதப்பட்ட சொற்கள், பாதிக்கப்பட்டோரின் சான்றாக மாறின. வழக்கு பின்னர் இணக்கத் தீர்வில் முடிந்தது.

எட்மண்டன்: பொதுத்துறையும் புகைபோக்கியும்

இலாப நோக்குடைய தனியார் நிறுவனத்திடம் மட்டுமே இச்சிக்கல் எழுமா என்னும் வினாவுக்கு எட்மண்டன் விடை தருகிறது. வட இலண்டனின் என்ஃபீல்டு நகராட்சியிலுள்ள எட்மண்டனில், லீ ஆற்றுப் பள்ளத்தாக்கில், வடக்குச் சுற்றுச்சாலையை ஒட்டி, பெருநகர இலண்டன் மன்றம் அமைத்த குப்பை எரியுலை 1970-களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கியது. அம்மன்றம் 1986-இல் கலைக்கப்பட்டபின், பார்னெட், கேம்டன், என்ஃபீல்டு, ஹாக்னி, ஹாரிங்கே, இஸ்லிங்டன், வால்தம் ஃபாரஸ்ட் ஆகிய ஏழு நகராட்சிகளின் குப்பையைக் கையாள வட இலண்டன் கழிவு ஆணையம் உருவாயிற்று. எரியுலையை நடத்தும் இலண்டன்எனர்ஜி நிறுவனம் இன்று அவ்வாணையத்துக்கே உரியது.

2000 அக்டோபரில் கிரீன்பீஸ் ஆர்வலர்கள் புகைபோக்கியில் ஏறி ஆலையின் இயக்கத்தைத் தடுத்தனர். அப்போதைய விரிவாக்கத் திட்டத்தை அரசு 2002-இல் மறுத்தது. பழைய ஆலைக்கு மாற்றாக, ஆண்டுக்கு 7 லட்சம் டன் கழிவை எரிக்கவல்ல புதிய ஆலைக்கு 2017 பிப்ரவரியில் அனுமதி கிடைத்தது. 2022 ஜனவரியில் ஆக்ஸியோனா நிறுவனத்துடன் கட்டுமான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

ஆணையத்தின் பார்வையில் இது நிலைபேற்றுத் திட்டமே: குப்பை மேட்டில் புதைபடாது, மின்னாற்றல் கிடைக்கும், வீடுகளுக்கு வெப்பநீர் வழங்கலாம், மாசு வடிகட்டிகள் பழையவற்றினும் சிறந்தவை. எதிர்ப்போர் பார்வையில் அவ்வளவு பெரிய உலை தன் பசிக்குக் குப்பையைத் தேடும். மறுசுழற்சி முயற்சி தளரும். கரிம உமிழ்வு பல பத்தாண்டுகள் தொடரும். அனைத்துக்கும் மேலாக, ஏழு நகராட்சிகளின் குப்பை வறுமை மிக்க, பல இன மக்கள் வாழும் ஒரு பகுதியில் எரிக்கப்படுவது அறமா என்னும் வினாவை அவர்கள் முன்வைத்தனர். குப்பை எல்லாருடையது, புகைபோக்கி எட்மண்டனுடையது. இவ்வினா நிகர இலாபக் கணக்கிலும் கரிமக் கணக்கிலும் அடங்காதது.

ஒப்பீடு

இரு களங்களும் அளவாலும் விளைவாலும் பெரிதும் வேறுபட்டவை. எட்மண்டனில் எவர் உயிரும் காவல்துறையால் பறிக்கப்படவில்லை. தீங்கின் தன்மையும் ஒன்றன்று. பிரித்தானியாவின் 2008-ஆம் ஆண்டு திட்டமிடல் சட்டம் விண்ணப்பத்துக்கு முன்பே ஊராரின் கருத்தைக் கேட்பதைக் கட்டாயமாக்கியிருந்தது. தூத்துக்குடியில் தொடக்கத்தில் அத்தகைய கட்டாயம் இருக்கவில்லை. எட்மண்டன் ஆலையின் உரிமையாளர் தேர்தலில் வாக்குக் கேட்க வரும் நகராட்சி உறுப்பினர்களுக்குக் கட்டுப்பட்டவர். தூத்துக்குடி ஆலையின் உரிமையாளர் தொலைதூரப் பங்குடையோருக்குக் கட்டுப்பட்டவர்.

இவ்வேறுபாடுகளினூடே மூன்று பொதுக்கூறுகள் தென்படுகின்றன. முதலாவது, நிறுவனம் நிலைபேற்றைத் தொகையாகக் காண்கிறது. ஊரார் அதனை இடமாகக் காண்கின்றனர். மொத்த உமிழ்வு வரம்புக்குள் உள்ளது என்பது அறிக்கையின் விடை. 'எங்கள் தெருவில் எவ்வளவு' என்பது ஊராரின் வினா. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதில்லை. ஒன்றுக்கொன்று விடையாகவும் ஆவதில்லை. இரண்டாவது, சமூகக் கூறும் சுற்றுச்சூழல் கூறும் அறிக்கையில் தனித்தனி அதிகாரங்களாக நிற்கின்றன. பள்ளி, மருத்துவமுகாம், குடிநீர் வழங்கல் ஆகியவை முதல் அதிகாரம். புகை, கசடு, கழிவுநீர் ஆகியவை அடுத்த அதிகாரம். அருகில் வாழ்வோருக்கு அவை பிரியாதவை. கிணறு கெட்ட ஊரில் நிறுவனம் வழங்கும் குடிநீர் அறமாகத் தோன்றாமல் இழப்பீட்டின் தவணையாகத் தோன்றக்கூடும். மூன்றாவது, கருத்துக்கேட்பு நடைபெறுவதாலேயே கேட்கப்பட்டோம் என்னும் நிறைவு உண்டாவதில்லை. எட்மண்டனில் கருத்துக்கேட்பு 2014, 2015 ஆண்டுகளில் நடந்தும் எதிர்ப்பு ஓயவில்லை. ஆனால் அது நடைபெறாமையின் விளைவு எத்துணைக் கொடியதாகலாம் என்பதற்குத் தூத்துக்குடி சான்று.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு தொகுக்கத்தக்கன. நிறுவன நிலைபேறு என்பது நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதால் மட்டும் நிறுவப்படுவதன்று. நலனுடையோர் அதனை ஏற்பதாலேயே நிறுவப்படுகிறது. அவ்வேற்பு அளவீட்டின் துல்லியத்தைவிட, அளவிடுவோர் யார், அளவீடு யார் கையில் உள்ளது என்பவற்றையே பெரிதும் சார்ந்துள்ளது. தூத்துக்குடியில் நிலத்தடிநீர் ஆய்வறிக்கைகள் அளிக்கப்படாமை மூடலுக்கான காரணங்களுள் ஒன்றாக நின்றது இதனை உறுதிப்படுத்துகிறது.

நீதிமன்றங்களும் முதலீட்டாளரும் மக்களின் பார்வைக்குக் காலந்தாழ்த்தி வந்து சேர்ந்தனர். 1996-இல் மீனவர் படகுகளில் சென்று தெரிவித்த மறுப்பு, நீதிமன்றத்தின் இறுதிமொழியாக 28 ஆண்டுகள் ஆயின. இடையிலான காலத்தின் விலையை ஊதியம் இழந்த தொழிலாளரும் உயிரிழந்தோரின் குடும்பங்களும் செலுத்தினர்.

தமிழில் இத்துறைக்கான கலைச்சொல்லாக்கம் இன்னும் நிலைபெறவில்லை. பங்குடையோரையும் நலனுடையோரையும் வேறுபடுத்தும் சொற்கள் அரசு ஆணைகளிலும் பாடநூல்களிலும் கருத்துக்கேட்பு அறிவிக்கைகளிலும் இடம்பெறுவது, தமக்குள்ள சட்டநிலையை மக்கள் அறிந்துகொள்ள உதவும். இந்திய நிறுவனங்களின் நிலைபேற்று அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வெளிவருகின்றன. ஆலைக்கு அருகில் வாழ்வோர் படித்தறியும் மொழியில் அவை கிடைக்குமாயின், சிங்கோலா மக்களுக்குச் சான்றாக உதவியதுபோல் அவை பிற ஊராருக்கும் உதவக்கூடும். தூத்துக்குடி, மேட்டூர், எட்மண்டன் ஆகிய இடங்களில் ஆலைகளுக்கு அருகில் வாழ்வோரின் வாய்மொழிச் சான்றுகளைத் தமிழில் திரட்டித் தொகுப்பது அடுத்த கட்ட ஆய்வுக்குரிய பணியாகும்.